பிள்ளை மனம் கண்ட லியோ கானர்

பேரரசுகளை வென்றவர்களின் வரலாற்றைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ஒரு சிறு குழந்தையின் அருகில் அமர்ந்து, அது ஏன் இப்படி நடக்கிறது என்று பொறுமையோடு நோக்கியவர்களின் வரலாறு நமக்கு எட்டுவது அரிது. அத்தகையவருள் ஒருவர் மருத்துவர் லியோ கானர். ஆட்டிசம் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் நிலையை 1943ஆம் ஆண்டில் விரிவாக எழுதி, மருத்துவ உலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் அவர். உளவியல் மாணவன் என்ற முறையில் அவர் பெயரை வகுப்பில் கேட்டிருந்தேன். அவர் வாழ்வைப் படித்த பின்னரே அவர்பால் பெருமதிப்பும், ஓரிடத்தில் வருத்தமும் கொண்டேன்.

கானர் 1894இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியாப் பகுதியில், புரோடி நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. கவிஞராக வேண்டும் என்பதே அவரது இளமைக் கனவு. காலமோ அவரைப் பெர்லினுக்கும் மருத்துவக் கல்விக்கும் அழைத்துச் சென்றது. இடையே முதல் உலகப் போர் மூண்டது, படையிலும் பணியாற்றினார். 1921இல் பட்டம் பெற்றார். 1924இல் அமெரிக்கா சென்று, தெற்கு டகோட்டா மாநிலத்து யாங்க்டன் நகர மனநல மருத்துவமனையில் அமர்ந்தார். மனநல மருத்துவத்தைப் பெரும்பாலும் தாமே முயன்று கற்றார். 1928இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவரை ஏற்றது. 1930இல் அங்கே குழந்தைகளுக்கான மனநலப் பிரிவைத் தொடங்கினார். 1935இல் அவர் எழுதிய நூலே அத்துறையில் ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் பாடநூல்.

ஏட்டறிவோடு அமைந்தவர் அல்லர் கானர். அறிவு வளர்ச்சி குன்றிய பெண்களைக் காப்பகத்திலிருந்து நீதிமன்ற ஆணை பெற்று வெளிக்கொணர்ந்து, செல்வர் வீடுகளில் ஊதியமின்றி வேலை வாங்கிப் பின்னர்த் தெருவில் விட்ட கொடுமை பால்டிமோரில் நிகழ்ந்தது. அப்பெண்களைத் தேடிக் கண்டறிந்து அதை அம்பலப்படுத்தியவர் அவர். கடும் குறைபாடுள்ள பிள்ளைகளைக் கொன்றுவிடலாம் என்று 1942இல் ஓர் அமெரிக்க மருத்துவர் வாதிட்டபோது, மருத்துவ இதழிலேயே எதிர்த்து எழுதினார். ஹிட்லரின் ஜெர்மனி அதைச் செய்தே காட்டியிருந்த காலம் அது!

1938ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், டொனால்டு என்னும் ஐந்து வயதுச் சிறுவனை மிசிசிப்பியிலிருந்து பெற்றோர் அவரிடம் அழைத்து வந்தனர். தந்தை முன்னரே 33 பக்கக் கடிதம் தட்டெழுதி அனுப்பியிருந்தார். இரண்டு வயதளவிலேயே பெயர் வரிசைகளை மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளை. உருளும் பொருள்களைச் சுழற்றி மகிழும் பிள்ளை. தந்தை வீடு திரும்பினாலும் ஏறிட்டுப் பாராத பிள்ளை. ‘நான்’ என்னும் இடத்தில் ‘நீ’ என்பான். அவனைப் போன்ற 8 சிறுவர், 3 சிறுமியர் பற்றிக் கானர் 1943இல் எழுதினார். தனிமையில் நிறைவு, எதுவும் மாறக்கூடாது என்னும் பிடிவாதம் ஆகிய இரண்டையும் பொதுத்தன்மைகளாகக் கண்டார். இப்பிள்ளைகளை மந்தபுத்தியினர் என்று தள்ளுவது தவறு, அறிவாற்றல் உள்ளே இருக்கிறது என்றும் காட்டினார். மாஸ்கோ மருத்துவர் குரூன்யா சுகரேவா இத்தகைய சிறுவர் அறுவரைப் பற்றி 1926இலேயே ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தார் என்பதையும் இங்கே சொல்வது முறை.

என் உள்ளத்தைக் கவர்ந்த நிகழ்ச்சி 1945இல் நடந்தது. டொனால்டு அப்போது ஓர் உழவர் தம்பதியரின் பண்ணையில் வாழ்ந்து வந்தான். கானர் அவனைக் காணச் சென்றார். எதையும் அளந்துகொண்டே இருப்பான் அவன். அத்தம்பதியர் அவனைக் கிணறு தோண்டச் சொல்லி, ஆழத்தை அளந்து கூறச் செய்தனர். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணுவான். உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். குதிரையையும் ஏரையும் அவன் கையாண்டதைக் கண்டு கானர் வியந்தார். பல்கலைக்கழகம் கற்றுத்தராத பாடத்தை அந்த எளிய மக்கள் அறிந்திருந்தனர். பிள்ளையின் ஈடுபாட்டை ஒடுக்காமல், அதையே உலகோடு சேரும் பாலமாக்கினர்.

இனி வருத்தத்துக்குரிய பகுதி. 1943இல் இது பிறவியிலேயே அமைந்தது என்றுதான் கானர் முடித்திருந்தார். ஆயினும் பெற்றோரிடம் கனிவு குறைவு என்றும் எழுதினார். 1949இல், குளிர்பதனப் பெட்டியில் வளர்ந்தவர்கள் என்னும் பொருள்பட உவமை கூறினார். அவ்வுவமை தாய்மார் தலையில் பழியாக விழுந்தது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அதை மேலும் பரப்பிற்று.

இதை நான் வெறும் செய்தியாகப் படிக்கவில்லை. என் அக்காள் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. அவள் வேலைக்குப் போனதால்தான் பிள்ளை பேசவில்லை என்று இன்றும் சொல்லும் உறவினர் எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. அவள் பதில் பேசாமல் எழுந்து அடுப்படிக்குச் சென்றுவிடுவாள். கடல்கடந்த ஓர் உவமை எவ்வளவு தொலைவு வந்திருக்கிறது!

1964இல் பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் உளவியலார் அப்பழியை மறுத்து நூல் எழுதினார். அதற்கு முன்னுரை வழங்கியவர் கானரே. 1969இல் வாஷிங்டனில் கூடிய பெற்றோர் மாநாட்டில், பெற்றோர் குற்றமற்றவர் என்று அவர் அறிவித்தார். பெற்றோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். தம் எழுத்துக்கும் அப்பழியில் பங்குண்டு என்பதை அவர் முழுமையாக ஒப்பவில்லை, அது குறையே. எனினும் பழி சுமந்தவர்களின் முகத்தெதிரே நின்று அதை நீக்கினார். 1977இல் இரட்டையரை ஆராய்ந்த ஃபோல்ஸ்டீனும் ரட்டரும் மரபுக்கூறுகளின் பங்கைத் தெளிவாக்கினர்.

1971இல் கானர், அந்தப் பதினொருவரும் என்ன ஆயினர் என்று தேடி எழுதினார். அரசுக் காப்பகங்களில் அடைபட்டவர்கள் முன்பிருந்த திறமைகளையும் இழந்திருந்தனர். டொனால்டோ பட்டம் பெற்று, வங்கியில் பணிபுரிந்து, கோல்ஃப் ஆடி வாழ்ந்தார். பண்ணையின் பாடம் மெய்யாயிற்று. கானர் 1981இல் மறைந்தார்.

அவருக்குப் பின் ஆய்வு வளர்ந்தது. பிறர் மனத்தில் உள்ள தவறான எண்ணத்தைக் கணிக்க முடிகிறதா என்று 1985இல் லண்டனில் பொம்மைகளைக் கொண்டு சோதித்தனர். ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேருக்கு இயலவில்லை, நால்வருக்கு இயன்றது. எல்லாரும் ஒரே வார்ப்பு அல்லர் என்பதற்கு அந்த நால்வரே சான்று. படங்களால் அமைந்த நாள் அட்டவணை, பெற்றோரையே பயிற்சியாளராக்குதல், ஒத்த வயதினரோடு விளையாட்டு என்று இன்று பல வழிகள் உள்ளன.

நண்பர்களே, இந்த ஊருக்கு வந்த புதிதில், சுற்றிலும் எல்லாரும் சிரிக்க, எதற்கென்று புரியாமல் நின்றவர்கள் நாம். மொழி தெரியாத அந்தச் சில மாதங்கள் நமக்கு மறந்திருக்காது. வாழ்நாள் முழுதும் அப்படி நிற்பவர் நம் வகுப்பிலும் விடுதியிலும் இருக்கக்கூடும். கண்ணைப் பார்த்துப் பேசாதவரைச் செருக்கர் என்று முடிவுகட்டுமுன், அவர் எதை விரும்பி எண்ணுகிறார் என்று கேட்போம். அந்த உழவர் தம்பதியர் செய்தது அவ்வளவே.