தளவாய் அரியநாத முதலியார்

மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்து ஆயிரக்கால் மண்டபத்தின் வாயிலில் குதிரைமீது அமர்ந்த வீரர் ஒருவரின் சிலை உண்டு. அதனைக் கண்டார் பலர். அவ்வீரர் யாவர் என வினவினார் சிலரே. அவரே மதுரை நாயக்கர் அரசின் தளவாயாகவும் பிரதானியாகவும் விளங்கிய அரியநாத முதலியார். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கல்வி பயில வரும் மாணவர் இவர் சரித்திரத்தை அறிதல் தகும். ஏனெனில், அந்நாட்டின் பழைய ஊர்கள் பலவற்றின் வரலாறு இவர் வகுத்த ஏற்பாட்டோடு பிணைந்துள்ளது.

தொண்டை மண்டலத்து மெய்ப்பேடு என்னும் சிற்றூரில் எளிய வேளாளர் குடியில் இவர் பிறந்தார் என்பது கர்ணபரம்பரை. கணக்கில் வல்லவரான இவர் விஜயநகரம் சென்று அரசவையில் உத்தியோகம் பெற்றார். 1529 ஆம் ஆண்டளவில் விசுவநாத நாயக்கர் மதுரையை ஆளத் தொடங்கியபோது, அவருக்குத் துணையாக அமைந்தார்.

அக்காலத்தில் நாடு அமைதியற்றிருந்தது. காடுகள் கள்வர்க்கு உறைவிடமாயின. சிற்றரசர் தத்தம் கோட்டைகளில் தருக்கியிருந்தனர். மலையாள நாட்டிற்குச் செல்லும் கணவாய்களை அடுத்த கம்பம் பள்ளத்தாக்கும் எளிதில் அடங்கவில்லை. கம்பத்துக் கோட்டையைத் தாக்கியபோது இராமபத்திர நாயக்கர் முன்னின்று பொருதார் என்றும், அதற்குப் பரிசாகப் பெரியகுளத்தை அடுத்த வடகரைப் பாளையத்தைப் பெற்றார் என்றும் கூறுவர்.

வென்ற நாட்டைக் காக்கப் பெருஞ்சேனை வேண்டும்; அதற்கு மாதந்தோறும் சம்பளம் அளிக்கப் பொக்கிஷத்திற்கு ஆற்றல் இல்லை. இவ்விடுக்கணுக்கு அரியநாதர் கண்ட பரிகாரமே பாளைய ஏற்பாடு. நாடு எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பாளையக்காரரும் தம் வருவாயில் ஒரு பங்கை அரசர்க்குச் செலுத்தி, ஒரு பங்கால் படைவீரரைப் பேணி, எஞ்சிய ஒரு பங்கைத் தாம் துய்க்கலாம். அரசர் அழைத்தபோது படையோடு வரல் வேண்டும். மதுரைக் கோட்டையின் எழுபத்திரண்டு கொத்தளங்களும் ஒவ்வொருவர் காவலில் ஒவ்வொன்றாக விடப்பட்டன. வடகரை, போடிநாயக்கனூர், தேவாரம், எரசக்கநாயக்கனூர், கண்டமநாயக்கனூர் ஆகியவை கம்பம் பள்ளத்தாக்கும் அதன் சுற்றுப்புறமும் சார்ந்த பாளையங்கள்.

குடிகளைக் கட்டாயமாகப் படையிற் சேர்க்கும் முறையோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். அமெரிக்க நாட்டில் உள்நாட்டுப் போரின்போது 1863 இல் இயற்றிய சட்டம் ஆடவரைப் பெயர் பெயராகப் பதிவு செய்தது. ஆயினும் முந்நூறு டாலர் செலுத்தினவன் அப்போதைக்கு விலக்குப் பெறலாம் என்றிருந்தமையால், ஏழைகள் வெகுண்டனர். நியூயார்க்கு நகரில் பெருங்கலகம் மூண்டது. 1917 ஆம் ஆண்டுச் சட்டம் பதிலாள் வைக்கும் வழக்கத்தை ஒழித்தது. 1973 இல் கட்டாயச் சேர்க்கையே நின்றது. அங்கே அரசாங்கம் தனி மனிதனை நேரே அழைத்தது. அரியநாதரோ நிலத்தின்மேல் படைக்கடமையை ஏற்றினார். எந்த உழவன் மகன் வேலேந்த வேண்டும் என்பதைப் பாளையக்காரரே முடிவு செய்தார். அரசர் அவன் பெயரையும் அறியார்.

இதன் குறை அரியநாதர் காலத்திலேயே வெளிப்பட்டது. விசுவநாதருக்குப் பின் கிருஷ்ணப்ப நாயக்கர் பட்டமெய்தியதும், பரமக்குடியில் தும்பிச்சி நாயக்கர் கலகம் விளைத்தார். வீரன் தனக்குச் சோறிட்டவர்க்கே வாளை உரியதாக்கினான். தொலைவிலிருந்த அரசர் அவனுக்குப் பெயரளவே. எனினும், கலகம் அடக்கப்பட்டது, ஏற்பாடும் நிலைபெற்றது. பாளையக்காரர் காடு திருத்தினர், ஊர் அமைத்தனர், காவல் புரிந்தனர். 1565 இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபோதும் மதுரை அரசு நிலைகுலையாமல் நின்றது.

அரசர் அடுத்தடுத்து மாறியும் அரியநாதர் பணியில் வழுவவில்லை. சேனை முழுதும் தம் கையிலிருந்தும் அரியணையை அவர் தமக்கெனக் கவரவில்லை. ஆயிரக்கால் மண்டபத்தை 1569 இல் இவரே கட்டுவித்தார் என்பர். ஏறத்தாழ 1600 இல் முதுமை எய்தி மறைந்தார்.

அவர் வகுத்த முறை இருநூறாண்டு கடந்தும் வாழ்ந்தது. 1792 இல் திண்டுக்கல் சீமையோடு கம்பம் பள்ளத்தாக்கும் கும்பெனியார் கைக்கு வந்தது. 1801 இல் தென்னாட்டுக் கிளர்ச்சி அடங்கியபின், பாளையக்காரரின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. மதுரைக் கோட்டை மதில்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் இடிக்கப்பட்டன.

அரியநாதர் கலைந்த நாட்டை ஒழுங்குபடுத்தினார் என்பது மெய். அவ்வொழுங்கின் சுமையைத் தோளில் தாங்கிய உழவர் மக்களின் பெயர் எக்கல்லிலும் இல்லை என்பதும் மெய். இனி ஆயிரக்கால் மண்டபத்து வாயிலில் நிற்கும் மாணவர், குதிரைமீது அமர்ந்த அவரை வணங்குக. அவர்பின் நடந்து சென்ற பெயரறியாக் காலாட்களையும் ஒரு கணம் நினைக்க.