வில்லியம் ஹங்

வில்லியம் ஹங் (சீனப் பெயர்: ஹொங் யே, அக்டோபர் 27, 1893 – டிசம்பர் 22, 1980) சீன வரலாற்றறிஞரும் கல்வியாளரும் ஆவார். பீகிங் நகரில் இயங்கிய யென்ச்சிங் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், ஹார்வர்ட்-யென்ச்சிங் அடைவு வரிசையை நிறுவி நடத்தியமைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். சீனச் செவ்வியல் நூல்களையும் பேரரசுக் கால வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்புகளையும் சொல் வாரியாகவும் பெயர் வாரியாகவும் தேடுவதற்கு வழிசெய்த இவ்வரிசை, அந்நூல்கள் கணினியில் ஏறுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே தாள் அட்டைகளைக் கொண்டு செய்யப்பட்டதாகும். தாங் காலக் கவிஞர் தூ ஃபூ பற்றிய இவரது ஆங்கில நூலும் புகழ்பெற்றது.

இளமையும் கல்வியும்

ஹங் தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் உள்ள ஃபூஜோ நகரில் பிறந்தார். தந்தை சிங் அரசில் மாவட்ட அதிகாரியாக ஷாண்டோங் மாகாணத்தில் பணிபுரிந்தவர். இதனால் ஹங்கின் இளமையில் ஒரு பகுதி ஷாண்டோங்கில் கழிந்தது. பழைய முறைப்படி செவ்வியல் நூல்களைக் கற்ற பின்னர், ஃபூஜோவில் மெத்தடிசு திருச்சபையினர் நடத்திய ஆங்கில-சீனக் கல்லூரியில் பயின்றார். அங்கு கிறித்தவ சமயத்தைத் தழுவினார். வில்லியம் என்னும் பெயரின் ஒலியைத் தழுவியே வெய்லியன் என்ற மறுபெயரையும் அமைத்துக்கொண்டார்.

1915 இல் ஐக்கிய அமெரிக்கா சென்ற ஹங், ஓகையோ வெசுலியன் பல்கலைக்கழகத்தில் 1917 இல் இளங்கலைப் பட்டமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1919 இல் முதுகலைப் பட்டமும், நியூயார்க்கு யூனியன் இறையியல் கல்லூரியில் 1920 இல் இறையியல் பட்டமும் பெற்றார். முனைவர் பட்டம் பெறவில்லை. சிறந்த பேச்சாளராக விளங்கியமையால் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சீனா பற்றிச் சொற்பொழிவாற்றினார். புதிதாக அமைந்த யென்ச்சிங் பல்கலைக்கழகத்துக்கு நிதி திரட்டும் பணியிலும் ஈடுபட்டார்.

யென்ச்சிங் பல்கலைக்கழகத்தில்

1923 இல் நாடு திரும்பிய ஹங், யென்ச்சிங்கில் வரலாறு கற்பிக்கத் தொடங்கினார். 1924 முதல் 1927 வரை கலை, அறிவியல் கல்லூரியின் முதல்வராக இருந்து சேர்க்கை விதிகளையும் தேர்வுகளையும் கடுமையாக்கினார். பல்கலைக்கழக நூலகத்தைப் பெருக்குவதிலும் பெரும்பங்கு ஆற்றினார்.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. 1924 இல் ஹார்வர்டைச் சேர்ந்த லாங்டன் வார்னர் துன்ஹுவாங் குகைகளின் சுவரோவியத் துண்டுகள் சிலவற்றைப் பெயர்த்தெடுத்துச் சென்றார். மறு ஆண்டு அவர் மீண்டும் ஒரு குழுவோடு வந்தபோது, முதற் பயணத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சென்றிருந்த மாணவர் ஒருவர் ஹங்கிடம் உண்மையைத் தெரிவித்தார். ஹங் கல்வித் துறை துணை அமைச்சரை அணுகியதாகவும், வழிநெடுக உள்ள அதிகாரிகளுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டதாகவும் அவரே தம் முதுமையில் கூறியுள்ளார். இரண்டாம் பயணத்தில் குகைகளிலிருந்து ஓவியம் எதுவும் பெயர்க்கப்படவில்லை. பின்னாளில் ஹங்கின் வாழ்நாட் பணிக்குப் பொருளுதவி செய்ததும் ஹார்வர்டே என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

அலுமினியம் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்த சார்லசு மார்ட்டின் ஹால் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு 1928 இல் ஹார்வர்ட்-யென்ச்சிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் உருவாக்கத்தில் ஹங்குக்கும் பங்குண்டு. 1928 முதல் 1930 வரை ஹார்வர்டில் கற்பித்துவிட்டுத் திரும்பியவுடன் அடைவுப் பணியைத் தொடங்கினார்.

அடைவு வரிசை

ஒரு நூலில் உள்ள சொற்களும் பெயர்களும் எங்கெங்கு வருகின்றன எனக் காட்டும் பட்டியலே அடைவு. தமிழ் நூலொன்றுக்கு அடைவு செய்வோர் சொற்களை அகர வரிசையில் அடுக்கினால் போதும். சீன எழுத்துகளுக்கு அத்தகைய இயல்பான வரிசை கிடையாது. ஆயிரக்கணக்கான வடிவங்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதே முதற் சிக்கல். அதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருந்தது. மரபுவழி அறிஞர்கள் செவ்வியல் நூல்களை மனப்பாடமாக வைத்திருந்தனர். கன்பூசியசின் கூற்று ஒன்று எந்த நூலில் எவ்விடத்தில் உள்ளது என்று பட்டியலைப் பார்த்துத் தேடுவது அவர்களுக்கு இழுக்காகத் தோன்றியது. ஆனால் 1905 இல் அரசுத் தேர்வு முறை ஒழிக்கப்பட்ட பின்னர், அவ்வாறு மனப்பாடம் செய்யும் தலைமுறை மறைந்துகொண்டிருந்தது. புதிய தலைமுறைக்கு நூல்கள் கையில் இருந்தும் எட்டாப் பொருளாகிவிடும் என்பதே ஹங்கின் கவலை.

1930 இல் யென்ச்சிங்கில் அடைவுத் தொகுப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. அடைவுக்கு ஹங் இட்ட சீனப் பெயர் யிந்த என்பதாகும். இது இண்டெக்சு என்னும் ஆங்கிலச் சொல்லின் ஒலியையும், இட்டுச்சென்று அடையச் செய்வது என்ற பொருளையும் ஒருங்கே தருவது. ஒவ்வொரு சொல்லையும் அது வரும் தொடரோடு தரும் முழுச் சொல்லடைவுக்கு (ஆங்கிலத்தில் கன்கார்டன்சு) கான்காவ்தெங் என்று ஒலிபெயர்த்தார். இரண்டாவது பெயர் நிலைக்கவில்லை என்பதில் வியப்பில்லை. 1932 இல் வெளியிட்ட சிறு நூலொன்றில் அடைவு செய்யும் முறையைப் படிப்படியாக விளக்கினார்.

பணிமுறை எளிமையானது, ஆனால் உழைப்பு மிக்கது. முதலில் நூலின் நல்ல பதிப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. நிறுத்தற்குறிகள் இல்லாத பழைய பாடத்துக்குக் குறிகள் இடப்பட்டன. அடைவில் சேர வேண்டிய சொற்கள் கோடிடப்பட்டு, ஒவ்வொன்றும் தனி அட்டையில் இட எண்ணோடு எழுதப்பட்டது. பின்னர் அட்டைகள் வரிசைப்படுத்தப்பட்டு, மூலத்தோடு மீண்டும் ஒப்பிடப்பட்டு, அச்சுக்குச் சென்றன. எழுத்துகளை அவற்றின் வடிவமைப்பைக் கொண்டு ஐந்து வகையாகப் பிரித்து, மூலைகளின் கோடுகளுக்கு எண் தந்து வரிசைப்படுத்தும் முறையொன்றையும் ஹங் உருவாக்கினார். இம்முறையைக் கற்பது எளிதன்று. ஆகவே கோட்டெண்ணிக்கைப்படியும் உரோமன் எழுத்துப்படியும் துணைப் பட்டியல்கள் சேர்க்கப்பட்டன. பெரும்பாலோர் அவற்றின் வழியாகவே நூலுக்குள் நுழைந்தனர்.

1950 வரை 41 முதன்மை அடைவுகளும் 23 துணை அடைவுகளுமாக மொத்தம் 64 அடைவுகள் 81 தொகுதிகளாக வெளிவந்தன. கன்பூசியசு, மென்சியசு, சுவாங்சி முதலியோரின் நூல்கள், பாடல் நூல், மாற்றங்களின் நூல் ஆகியவை இவற்றுள் அடங்கும். வரலாற்று ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்பட்டவை வாழ்க்கை வரலாற்று அடைவுகளாகும். சிங் காலத்து 33 தொகுப்புகளுக்கு 1932 இலும், மிங் காலத்து 89 தொகுப்புகளுக்கு 1935 இலும், சொங் காலத்து 47 தொகுப்புகளுக்கு 1939 இலும், லியாவ், ஜின், யுவான் காலங்களின் 30 தொகுப்புகளுக்கு 1940 இலும் அடைவுகள் வந்தன. ஓர் அதிகாரியின் பெயர் தெரிந்தால் அவரைப் பற்றிய குறிப்புகள் எந்தெந்தத் தொகுப்பில் உள்ளன என ஒரு நிமிடத்தில் அறிய முடிந்தது. முன்பு இதற்குப் பல நாட்கள் ஆகும்.

இவ்வளவும் ஹங் ஒருவரின் பணியன்று. சொங் வரலாற்று அறிஞர் நியே சொங்சி அலுவலகத்தின் அன்றாடப் பொறுப்பைச் சுமந்தார். சிங் கால அடைவைத் தொகுத்தவர்கள் தூ லியன்சே, ஃபாங் சாவ்யிங் ஆகியோர். சில அடைவுகளுக்கு ஹங் எழுதிய முன்னுரைகள் தனி நூல் அளவு ஆழமானவை. சடங்குகளின் நூலான லி ஜிக்கு எழுதிய முன்னுரைக்காக 1937 இல் பிரான்சின் இசுதானிசுலாசு சூலியன் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

ஆசிரியர்

யார், என்ன, எப்போது, எங்கே, எப்படி என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் வரலாறு எழுதக் கூடாது என்பது ஹங்கின் பாடம். மாணவர்களுக்குத் தனித்தனி அரச மரபுகளை ஒதுக்கி, ஒவ்வொருவரையும் ஒரு காலத்தின் வல்லுநராக்க முயன்றார். சி சிஹே, சோ யிலியாங், வெங் துஜியன், வாங் சோங்ஹன், வரலாற்றுப் புவியியலாளர் ஹோ ரென்சி முதலியோர் இவரிடம் பயின்றவர்களே.

சிறைவாசம்

1937 இல் ஜப்பானியப் படைகள் பீகிங்கைக் கைப்பற்றிய பின்னரும், அமெரிக்கத் தொடர்புடைய யென்ச்சிங் இயங்கி வந்தது. 1941 டிசம்பர் 8 அன்று, பேர்ள் துறைமுகத் தாக்குதல் செய்தி வந்தவுடன் ஜப்பானியப் படையினர் பல்கலைக்கழகத்தை மூடினர். அடைவுப் பணியும் அன்றே நின்றது. ஹங், பல்கலைக்கழகத் தலைவர்களுள் ஒருவரான லு சிவெய், இறையியலாளர் சாவ் சிசென், இளம் ஆசிரியர் ஹோ ரென்சி உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். விசாரணையில் தாம் ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்ப்பவர் என்பதை ஹங் மறைக்கவில்லை.

சிறையில் ஹங் கேட்ட நூல் தூ ஃபூவின் கவிதைத் தொகுப்பு. அது மறுக்கப்பட்டது. சொங் அரசின் கடைசி அமைச்சர்களுள் ஒருவரான வென் தியன்சியாங், மங்கோலியரின் சிறையில் தூ ஃபூவின் வரிகளை இணைத்துப் புதிய கவிதைகள் ஆக்கியதை ஹங் அறிவார். அதற்கு முந்தைய ஆண்டு, 1940 இல்தான், தூ ஃபூ கவிதைகளுக்கான அடைவை நீண்ட முன்னுரையோடு வெளியிட்டிருந்தார். அட்டைகளும் அடைவும் இல்லாத அறையில் நினைவில் நின்ற வரிகளே துணையாயின. அடைவுகளை மனப்பாடத்துக்கு மாற்றாக ஆக்கியவருக்கு மனப்பாடமே கைகொடுத்தது என்பது கவனிக்கத்தக்கது. 1942 மே மாதம் விடுதலையான பின்னர், ஜப்பானியர் ஆதரவில் இயங்கிய நிறுவனங்களில் பணிபுரிய மறுத்து வறுமையில் வாழ்ந்தார்.

அமெரிக்காவில்

போர் முடிந்தபின் யென்ச்சிங் மீண்டும் திறக்கப்பட்டது. ஹங் 1946 இல் விரிவுரையாற்ற அமெரிக்கா சென்றார். உள்நாட்டுப் போரும் 1949 இன் ஆட்சி மாற்றமும் குறுக்கிட்டன. அவர் திரும்பவேயில்லை. 1952 இல் யென்ச்சிங் பல்கலைக்கழகம் கலைக்கப்பட்டு, அதன் வளாகம் பீகிங் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. அடைவு வரிசை அதற்கு முன்னரே நின்றுவிட்டது.

மாசசூசெட்சு மாநிலத்தின் கேம்பிரிச்சில் ஹார்வர்ட்-யென்ச்சிங் நிறுவனத்தின் ஆய்வாளராகப் பணியாற்றிய ஹங்குக்கு, ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஆயினும் அங்கு வந்த ஆய்வு மாணவர்கள் ஐயம் தீர்க்க அவரையே நாடினர். 1952 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் தூ ஃபூ பற்றிய அவரது நூலை வெளியிட்டது. அதில் 374 கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, கால வரிசைப்படி கவிஞரின் வாழ்க்கையோடு இணைத்துள்ளார். 755 இல் வெடித்த ஆன் லூஷான் கிளர்ச்சியில் பிடிபட்டும் அலைந்தும் வாழ்ந்த கவிஞரை, தாமும் சிறையிருந்து நாடு நீங்கிய ஒருவர் எழுதியமை அந்நூலின் தனித்தன்மையாகும். ஹங் 1980 டிசம்பர் 22 அன்று கேம்பிரிச்சில் காலமானார். இவரது சீன மொழிக் கட்டுரைகளின் தொகுப்பு மறு ஆண்டு பீகிங்கில் வெளியாயிற்று. சூசன் சான் ஈகன் இவரிடம் நேரில் கேட்டுப் பதிவுசெய்த வாழ்க்கை வரலாறு 1987 இல் வந்தது.

கணினிக் காலத்தில்

ஹங் மறைந்த சில ஆண்டுகளில், 1984 இல், தைவானின் அகடெமியா சினிக்கா அரச மரபு வரலாறுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. அதன்பின் பெருந்தொகையான சீன நூல்கள் முழுப்பாடத் தேடலுக்கு வந்தன. வாழ்க்கை வரலாற்று அடைவுகளின் நோக்கம் சீன வாழ்க்கை வரலாற்றுத் தரவுத்தளத்தில் தொடர்கிறது எனலாம். சொங் கால வரலாற்றறிஞர் இராபர்ட் ஹார்ட்வெல் சுமார் 25,000 பேரைப் பற்றிச் சேகரித்த தரவுகளை 1996 இல் தாம் இறந்தபோது விட்டுச்சென்றது ஹார்வர்ட்-யென்ச்சிங் நிறுவனத்துக்கே. ஹார்வர்ட், அகடெமியா சினிக்கா, பீகிங் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து வளர்த்த அத்தளத்தில் இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றுள்ளனர். ஹங்கின் அடைவு ஒருவர் எந்த நூலில் உள்ளார் என்று மட்டும் சொன்னது. தரவுத்தளமோ அவர் யாருக்கு உறவினர், எந்தத் தேர்வில் வென்றார், எங்கு பதவி வகித்தார் என்பவற்றையும் சேர்த்துத் தருகிறது.

அச்சு அடைவுகளின் பயன்பாடு இன்று குறைந்துவிட்டது. எனினும் கணினித் தேடல் கேட்ட எழுத்து வரும் இடங்களையெல்லாம் வேறுபாடின்றிக் கொட்டுகிறது. எது ஒருவரின் பெயர், எது வெறும் சொல் என்று அட்டை எழுதியவர் செய்த முடிவை இப்போது தேடுபவரே செய்ய வேண்டியுள்ளது. சீன மொழியில் அடைவுக்கு இன்று வழங்கும் சொல் சுவோயின் என்பதாகும். யிந்த என்ற சொல் பெரும்பாலும் ஹங்கின் நூல்களின் தலைப்புகளில் மட்டுமே எஞ்சியுள்ளது.