டக்ளஸின் தகப்பனார் யார்?

அமெரிக்காவில் அடிமைத்தனத்தை எதிர்த்துப் போராடிய பெரியோர்களில் பிரெடரிக் டக்ளஸ் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். அவருடைய தகப்பனார் யார் என்பது அவர் காலத்திலும் நிச்சயப்படவில்லை, இன்றளவும் நிச்சயப்படவில்லை. ஆயினும் அக்கேள்விக்கு விடை கூற ஊர்வாய் ஒருபோதும் தயங்கியதில்லை.

டக்ளஸ் 1818-ம் வருஷம் மேரிலாண்டு மாகாணத்தில் ஹாரியட் பெய்லி என்னும் அடிமைப் பெண்ணின் மகனாகப் பிறந்தார். தகப்பன் ஒரு வெள்ளையன் என்றும், எஜமானனே அவன் என்றும் ஜனங்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டனர். சட்டமோ, அடிமைப் பெண்ணின் குழந்தை தாயின் நிலைமையையே அடையும் என்று விதித்திருந்தது. ஆகவே எஜமானன் தான் பெற்ற புத்திரனையே தன் சொத்தாகக் கணக்கிலெழுதலாம், விற்கவும் செய்யலாம். தந்தையின் பெயரை ஊரார் முணுமுணுக்கலாமேயன்றி, பிள்ளை அதை உரிமையோடு உச்சரிக்க இடமில்லை. தாயோ 12 மைல் தூரத்தில் வயல்வேலை செய்துவந்தாள். இரவில் நடந்துவந்து மகனைக் கண்டு, விடியுமுன் திரும்புவாள். அவ்விதம் அவர் அவளைக் கண்டது நான்கைந்து தடவைதான். அவர் சிறுவனாயிருக்கும்போதே அவள் இறந்தாள்.

1838-ல் டக்ளஸ் தப்பியோடிச் சுதந்திரமடைந்தார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்டவர்களில் பலர், இத்தகைய நாவன்மையுள்ளவர் அடிமையாய் இருந்திருக்க முடியாதென்று சந்தேகித்தனர். அச்சந்தேகம் நீங்கவே 1845-ல் தம் சரித்திரத்தை எழுதினார். வெள்ளை இரத்தமின்றிக் கறுப்பருக்கு மேதை ஏது என்ற எண்ணமும் அக்காலத்தில் வேரூன்றியிருந்தது. 1855-ல் வெளியிட்ட நூலில் அதற்கும் பதிலளித்தார். தமது கல்வி வேட்கை வெள்ளைத் தகப்பன் வழி வந்ததன்று, கறுப்புத் தாய் வழி வந்தது என்றார். அவ்வூர் அடிமைகளில் எழுத்து வாசனை அறிந்தவள் அவள் ஒருத்தியே என்பதை அவள் இறந்த பின்னரே அவர் அறிந்தார். 1881-ல் எழுதிய சரித்திரத்திலோ, தகப்பனைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாதென்று அவ்விஷயத்தை முடித்துவிட்டார்.

தகப்பனை அறியாத அவர் தாமே தகப்பனாக நின்ற விதம் கவனிக்கத்தக்கது. 1847-ல் ராச்செஸ்டர் நகரில் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். மறுவருஷம் அவருடைய ஒன்பது வயது மகள் ரொசெட்டாவை அங்குள்ள பாடசாலையொன்றில் தனி அறையில் உட்காரவைத்தனர். சகமாணவிகள் அவளைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொள்ள விரும்பினார்கள். பெற்றோரைக் கேட்டபோது ஆட்சேபித்தவர் ஒரே ஒரு தகப்பனார். அவர் ஓர் உள்ளூர்ப் பத்திரிகாசிரியர்! டக்ளஸ் தமது பத்திரிகையிலேயே அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அது ஓர் ஆசிரியருக்கு மற்றோர் ஆசிரியர் எழுதியது மட்டுமன்று. ஒரு தந்தைக்கு மற்றொரு தந்தை எழுதியது.

முதல் மனைவி அன்னா 1882-ல் காலஞ்சென்றார். 1884-ல் ஹெலன் பிட்ஸ் என்ற வெள்ளை மாதை டக்ளஸ் மணந்தார். இரு நிறத்தாரின் பத்திரிகைகளும் அவரைத் தூற்றின. அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட ஹெலனின் தந்தையே மருமகனை வீட்டில் ஏற்க மறுத்தார். டக்ளஸோ, முதல் மனைவி தம் தாயின் நிறத்தவள், இரண்டாமவள் தம் தந்தையின் நிறத்தவள் என்று நகைத்துவிட்டு, 1895-ல் இறக்கும்வரை அவளுடன் இல்லறம் நடத்தினார்.

எஜமானர்கள் அடிமைப் பெண்களிடம் பிள்ளை பெற்றபோது வதந்தியோடு நின்ற சமூகம், கறுப்பர் ஒருவர் வெள்ளை மாதைச் சட்டப்படி மணந்தபோது கூக்குரலிட்டது. இரத்தக் கலப்பன்று அதற்குப் பொறுக்காதது; அக்கலப்பு கௌரவமான பெயர் பெற்று வெளிப்படையாக வாழ்வதே. ஒருவனுடைய பிறப்பைப் பற்றி ஊரும் பத்திரிகையும் பேசும்போது, அப்பேச்சினால் யாருடைய சொத்தும் மானமும் காக்கப்படுகின்றன என்று கேட்பது நேயர்களின் கடமையாகும்.