சினத்தை ஆண்ட சேனாபதி

ஜோர்ஜ் வாஷிங்டன் இயல்பிலே சாந்தமூர்த்தியல்லர். 1732இல் வேர்ஜினியாவிற் பிறந்து, பதினொரு வயதிலே தந்தையை இழந்த அவர், இளமையில் நன்னடத்தை விதிகள் 110ஐத் தம் கையாற் பிரதிசெய்தார். ஆயினும் முன்கோபம் அவரை விட்டகலவில்லை. 1775இல் பிரித்தானியருக்கெதிராக எழுந்த அமெரிக்கப் படைக்குச் சேனாபதியானார். 1778இல் மொன்மத் போரிலே, தளபதி சாள்ஸ் லீ பின்வாங்கக் கண்டு, களத்தில் வைத்தே கடிந்துகொண்டார். ஆனால், அக்கோபத்திலே நின்றுவிடாது, கலைந்தோடிய வீரரைத் திரும்ப அணிவகுக்கச் செய்தார்.

பிறர் சினத்தை ஆளவேண்டிய சோதனை பின்னரே வந்தது. 1783 மார்ச் மாதம், போர் ஓயுந் தறுவாயில், நியூபேர்க் பாசறையிலே அதிகாரிகள் கொதித்தெழுந்தனர். மாதக்கணக்காகச் சம்பளமில்லை, காங்கிரஸ் சபையை மிரட்டத் தூண்டும் மொட்டைக்கடிதங்கள் கைமாறின. அவர்தம் குறை நியாயமானதே. அதனாலன்றோ அச்சினம் பேராபத்தாயிற்று! 15ஆம் திகதி அவர்கள் கூடியிருந்த மண்டபத்துள் வாஷிங்டன் எதிர்பாராமற் புகுந்து, எழுதிவந்த உரையை வாசித்தார். அதனினும் உள்ளத்தைத் தொட்டது அடுத்து நிகழ்ந்ததே. சபை உறுப்பினரொருவரின் கடிதத்தை வாசிக்க முயன்று தடுமாறினார். மூக்குக்கண்ணாடியை எடுத்தணிந்து, சேவையிலே தலை நரைத்ததோடு கண்ணும் மங்கிவருவதாகக் கூறிப் பொறுத்தருள வேண்டினார். அவரைக் கண்ணாடியுடன் முன்பு கண்டோர் சிலரே. பலர் கண் கலங்கினர். இது திட்டமிட்ட நடிப்போவென ஐயுறுவோரும் உளர். நடிப்பேயாயினும், தம் தளர்ச்சியைத் தம்மவர் முன் காட்ட ஒரு சேனாபதி துணிந்தது சிறிதன்று.

அவர் வெளியேறியபின், அதிகாரிகள் சபைக்கு விசுவாசந் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றினர். அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் திகதி, அன்னாபொலிஸ் நகரிலே, வாஷிங்டனும் தம் பதவியை அச்சபையிடமே திருப்பிக் கொடுத்து வீடு சென்றார்.