கற்றுக் கொண்டே கற்பித்தவர்: புனித யோசேவாஸ் அடிகளார்



கடவுளே நமது முதல் ஆசிரியர் என்று கத்தோலிக்க சமய பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அவர் இறைவாக்கினர் வழியாகவும் இயேசு கிறிஸ்து வழியாகவும் திருச்சபை வழியாகவும் கற்பிக்கிறார் என்று விடையும் எழுதுவீர்கள். ஆனால் குருக்களே இல்லாத ஒரு நாட்டில் அப்போதனை எப்படித் தொடரும்? இக்கேள்வி நமது நாட்டிலேயே ஒரு காலத்தில் எழுந்தது.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்க சமயம் தடை செய்யப்பட்டது; குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. இவ்வாறு ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழிந்தன. பிள்ளைகளுக்கு மறையறிவு ஊட்டவோ திருப்பலி நிறைவேற்றவோ குருக்கள் இருக்கவில்லை.

இச்செய்தி கோவாவில் இருந்த ஓர் இளங்குருவின் மனத்தை வருத்தியது. அவரே யோசேவாஸ். 1651 ஏப்ரல் 21ஆம் திகதி கோவாவின் பெனோலிம் ஊரில் பிறந்த இவர், 1676இல் குருப்பட்டம் பெற்றார். 1687இல் யோவான் என்னும் பணியாளருடன், கூலியாளைப் போல வேடம் பூண்டு இலங்கைக்கு வந்தார். வந்ததும் வயிற்றோட்ட நோயினால் மிகவும் துன்புற்றார். குணமடைந்த பின், கழுத்தில் செபமாலை அணிந்து யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறது என்று பார்த்தே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அவர் கற்பிக்கத் தொடங்குமுன் தாமே மாணவரானார். மக்களோடு பேசுவதற்காகத் தமிழைக் கற்றார். சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவு நேரங்களில் மறைபோதனை செய்தார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது, கண்டி மன்னனுக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். அச்சிறையிலேயே சிங்களத்தையும் கற்றார். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நன்மதிப்பைப் பெற்றார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளரை உறவினரே கைவிட்டு ஓடினர். அடிகளாரோ சமய வேறுபாடு பாராமல் அவர்களுக்கு உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தவரை அடக்கம் செய்தார். சீடர்களின் பாதங்களைக் கழுவிய பின்னரே அதன் பொருளை விளக்கிய ஆண்டவரின் போதனை முறை இதுவன்றோ!

ஒரு குரு எல்லா ஊர்களிலும் இருக்க முடியாது. ஆகவே அவர் ஊர்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் நியமித்தார். குரு வராத நாட்களில் அவர்களே மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிக் கொடுத்தனர். 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல மறைநூல்களை எழுதினார். குரு இல்லாத இடத்தில் நூல் பேசியது.

யோசேவாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறைபதம் அடைந்தார். நமது தெமட்டகொடையிலிருந்து சிறிது தூரத்திலுள்ள காலிமுகத்திடலில், 1995 ஜனவரி 21ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே திடலில் 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

மாணவர்களே, என் வகுப்பில் பலர் இவ்வாண்டுகளை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்து விடுகிறார்கள். நீங்கள் அவ்வாறு செய்யாதீர்கள். பின்வரும் மூன்றையும் உதாரணங்களுடன் எழுதுங்கள்:

1. மக்களின் மொழியைக் கற்று, அவர்களது நிலைக்கு இறங்கிச் சென்றார்.
2. சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் கற்பித்தார்.
3. கற்றவர்களையே கற்பிப்பவர்களாக்கினார்.

கடவுள் ஆசிரியராக இருக்கிறார் என்பதற்கு இம்மூன்றும் சான்றுகளாகும். உங்கள் வீட்டில் உங்களுக்கு முதன்முதலில் சிலுவை அடையாளம் இடக் கற்றுத் தந்தவர் யார் என்று சிந்தித்துப் பாருங்கள். தாயாகவோ பாட்டியாகவோ இருக்கலாம். அப்போதனை அறுந்து போகாதிருக்கவே அடிகளார் 24 ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்தார். நாளை உங்கள் தம்பி தங்கையருக்கு அதைக் கற்றுக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்களே.