இரண்டு நாற்காலி போதாது!

அமெரிக்க நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல் என்றால், நவம்பர் மாதத்து வாக்குச் சாவடிதான் நம் கண்முன் வருகிறது. இன்னார் நிற்கிறார், இன்னாரை எதிர்த்து நிற்கிறார், யாருக்கு எத்தனை வாக்கு என்று கணக்குப் பார்க்கிறோம். ஆனால் அந்த இருவரையும் நிறுத்தி வைத்தது யார்? அந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. வாக்குச் சாவடிக்கு முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. அதற்குக் கட்சி மாநாடு என்று பெயர். அந்த வாசலில் நிற்கும் காவல்காரனுக்கு விதி என்று பெயர். மாநாட்டுக்குள் நுழையும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதி யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் இருக்கிறது நாட்டின் தலைவிதி!

அந்த வாசலை வந்து தட்டினார் ஒரு பெண். பட்டம் பெற்றவரல்ல, பணம் படைத்தவரல்ல. பருத்திக் காட்டில் முதுகு வளைந்த கூலிக்காரி. அவர் பெயர் ஃபானி லூ ஹாமர்.

மிசிசிப்பி மாநிலத்தில், 1917ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் பிறந்தார். இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. தாயும் தந்தையும் வெள்ளைப் பண்ணையாரின் நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள். விதை அவன் கடன், உரம் அவன் கடன், அரிசியும் மாவும் அவன் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் மிச்சம் என்ன? மீண்டும் கடன்! ஆறு வயதிலே பருத்தி எடுக்கக் காட்டுக்குப் போனது அந்தக் குழந்தை. பதின்மூன்று வயதுக்குள் நாளொன்றுக்கு 200 ராத்தலுக்கும் மேல் பருத்தி எடுத்தது. இளம்பிள்ளை வாதம் ஒரு காலை நலியச் செய்தது. பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. ஒருமுறை குடும்பம் எப்படியோ சிறுகச் சிறுகச் சேர்த்துக் கோவேறு கழுதைகளை வாங்கிச் சொந்தமாக உழத் தொடங்கியது. யாரோ அவற்றுக்கு நஞ்சு வைத்துக் கொன்றார்கள். கறுப்பன் தலைநிமிர்வது பொறுக்காதவர்கள் செய்த வேலை!

வளர்ந்தார், மணந்தார். பேரி ஹாமர் என்ற உழைப்பாளிக்கு வாழ்க்கைத் துணையானார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால், பண்ணையில் மற்றவர்களின் வேலை நேரத்தையும் எடையையும் குறித்து வைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகள் அந்தப் பண்ணையிலே தேய்ந்தார். 1961இல் வயிற்றுக் கட்டிக்காக மருத்துவமனைக்குப் போனார். அவரைக் கேட்காமலே, அவருக்குச் சொல்லாமலே, கருப்பையை எடுத்துவிட்டார் வெள்ளை மருத்துவர். வயிற்றில் பிள்ளை சுமக்கும் உரிமைகூட அவர் கையில் இல்லை. வாக்குச்சீட்டு எப்படி இருக்கும்?

1962 ஆகஸ்டு மாதம், ரூல்வில் என்ற சிற்றூரின் மாதா கோயிலில் ஒரு கூட்டம். மாணவர் இயக்கத்து இளைஞர்கள் வந்து பேசினார்கள். கறுப்பருக்கும் வாக்குரிமை உண்டு என்றார்கள். நாற்பத்து நான்கு வயது வரை அந்தச் சேதி தம் காதுக்கே எட்டவில்லை என்று பின்னாளில் ஹாமர் சொன்னார். கேட்ட அன்றே கை தூக்கினார். பெயரைப் பதிவு செய்ய நான் வருகிறேன் என்றார்.

ஆகஸ்டு 31ஆம் நாள், பதினேழு பேருடன் பழைய பேருந்து ஒன்றில் ஏறி, வட்டாரத் தலைநகரான இண்டியனோலாவுக்குப் போனார். அங்கே ஒரு பரீட்சை! மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவை எடுத்து எழுத வேண்டும், அதற்கு விளக்கமும் எழுத வேண்டும். மதிப்பெண் போடுபவர் வெள்ளை அதிகாரி. கறுப்பின ஆசிரியரே தோற்றுத் திரும்பும் பரீட்சையில் பருத்திக்காரி தேறுவாரா? தோற்றார். திரும்பும் வழியில் பேருந்தைப் போலீசார் மடக்கினார்கள். குற்றம் என்ன தெரியுமா? பேருந்தின் மஞ்சள் நிறம் அதிக மஞ்சளாக இருக்கிறதாம்! கையிலிருந்த சில்லறையைத் திரட்டி அபராதம் கட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வீட்டு வாசலில் பண்ணையார் காத்திருந்தார். மனுவைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு என்றார். உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று பதில் சொல்லிவிட்டு, அன்றிரவே வெளியேறினார் ஹாமர். பதினெட்டு ஆண்டு உழைப்புக்கு ஒரே இரவில் கணக்கு முடிந்தது. பத்தாம் நாள், அவர் தங்கியிருந்த வீட்டின் மீது பதினாறு துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. அவர் அங்கே இல்லாததால் பிழைத்தார்.

அஞ்சினாரா? 1963 ஜனவரியில் மறுபடி பரீட்சைக்குப் போனார், தேறினார். வாக்களிக்கச் சென்றபோது, இரண்டாண்டுத் தலைவரி கட்டிய ரசீது எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவ்வாண்டு ஜூனில், பயிற்சி வகுப்பு ஒன்றிலிருந்து திரும்பும்போது, வினோனா என்ற ஊரின் பேருந்து நிலையத்தில் கைது செய்யப்பட்டார். சிறையில், கறுப்பினக் கைதிகள் இருவர் கையிலே தடியைக் கொடுத்து, அவரை அடிக்கச் சொன்னார்கள் போலீசார். தன் இனத்தானைக் கொண்டே தன் இனத்தாளை அடிக்கச் செய்யும் பழைய தந்திரம்! சிறுநீரகம் கெட்டது, கண் பார்வை குறைந்தது. அந்த அடியின் வடு சாகும்வரை அவரோடு இருந்தது.

இத்தனை கொடுமையும் எதற்காக? ஒரு சீட்டுக்காகவா? அங்கேதான் தோழர்களே, விதியின் சூட்சுமத்தை நாம் புரிந்து கொள்ள வேண்டும்.

அந்நாளில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி ஒன்றுதான் கட்சி. நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. கட்சி வேட்பாளரைப் பொறுக்கும் பிரைமரி என்னும் முன்தேர்தலில் வென்றவரே உண்மையில் வென்றவர். அந்த முன்தேர்தலுக்கு வெள்ளையர் மட்டுமே வரலாம் என்று பல மாநிலங்களில் விதி வைத்திருந்தார்கள். கட்சி தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்றார்கள். 1935இல் நாட்டின் தலைமை நீதிமன்றம்கூட அதற்குத் தலையாட்டியது. 1944இல்தான் அந்தத் தீர்ப்பை மாற்றி, அது செல்லாது என்றது. கதவு ஒன்று திறந்தது. உடனே அடுத்த கதவை அடைத்தார்கள்: வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தானே முன்தேர்தலுக்கு வருவாய்? 1965க்கு முன் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பரில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பட்டியலில் இல்லை.

இனி, தலைவர் தேர்தலுக்கான மாநாட்டுக்கு வருவோம். நான்காண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கட்சியும் நாடு தழுவிய மாநாடு கூட்டும். மாநிலந்தோறும் பிரதிநிதிகள் வருவார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் ஆதரவு பெற்றவரே வேட்பாளர். பிரதிநிதிகளைச் சில மாநிலங்களில் முன்தேர்தல் மூலம் தேர்ந்தெடுத்தார்கள். மிசிசிப்பி போன்ற மாநிலங்களில் வட்டக் கூட்டம், மாவட்டக் கூட்டம், மாநிலக் கூட்டம் என்று படிப்படியாகப் பொறுக்கினார்கள். 1964இல் கறுப்பர்கள் வட்டக் கூட்டத்துக்குப் போனார்கள். சில இடங்களில் கதவு பூட்டியிருந்தது. சில இடங்களில் கூட்டமே நடக்கவில்லை. சில இடங்களில் உள்ளே விட்டும் வாய் திறக்க விடவில்லை. முதற்படியிலே தள்ளிவிட்டால் மூன்றாம் படியில் எப்படி நிற்பது?

அதனால் அவர்கள் தங்களுக்கென்று ஒரு கட்சி கண்டார்கள். மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று பெயர். எந்த விதியை வெள்ளையர் மீறினார்களோ, அந்த விதிப்படியே வட்டக் கூட்டம் முதல் மாநில மாநாடு வரை திறந்த கதவோடு நடத்தினார்கள். எல்லோரும் வரலாம், வெள்ளையரும் வரலாம். அறுபத்தெட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள், நால்வர் வெள்ளையர். துணைத் தலைவர் பொறுப்பில் ஃபானி லூ ஹாமர். அந்தக் கோடையில்தான் வாக்குரிமைக்காக உழைத்த சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டு மண்ணில் புதைக்கப்பட்டார்கள். அந்தப் புதைகுழியின் ஈரம் காயும் முன்னே, அட்லாண்டிக் சிட்டிக்குப் புறப்பட்டார்கள் இவர்கள்.

1964 ஆகஸ்டு 22. பிரதிநிதிகளின் தகுதியை ஆராயும் குழுவின் முன்னால் ஹாமர் உட்கார்ந்தார். எழுதி வைத்த உரை இல்லை. பண்ணையை விட்டுத் துரத்தப்பட்ட கதையை, குண்டு பாய்ந்த கதையை, சிறையில் அடிபட்ட கதையை, தம் மொழியில், தம் குரலில் சொன்னார். இதுதானா அமெரிக்கா என்று கேட்டார். தொலைக்காட்சியில் நாடே பார்த்துக் கொண்டிருந்தது. வெள்ளை மாளிகையில் ஜான்சன் பதறினார். அவசரமாகச் செய்தியாளர் கூட்டம் கூட்டி, ஒளிப்படக் கருவிகளைத் தம் பக்கம் திருப்பினார். பாதிப் பேச்சு மறைந்தது. ஆனால் அன்றிரவு தொலைக்காட்சி நிலையங்கள் அந்தப் பேச்சைத் திரும்பக் காட்டின. தந்திகள் வந்து குவிந்தன.

ஜான்சன் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர்தான். பின் ஏன் பதறினார்? தென்னாட்டு வெள்ளையர் வெளிநடப்புச் செய்வார்களோ, தேர்தலில் கைவிடுவார்களோ என்ற அச்சம்! இங்கேயும் விதிதான் போர்க்களம். குழுவில் 108 பேர். அவர்களில் 11 பேர் கையெழுத்திட்டால் மாற்று அறிக்கை மாநாட்டு மேடைக்கு வரும். எட்டு மாநிலங்கள் கேட்டால் பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்க வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். ஆகவே அந்தப் பதினொருவரைக் கலைப்பதிலே முனைந்தார்கள். பதவி ஆசை காட்டினார்கள், வேலைக்கு வேட்டு வைப்போம் என்று மிரட்டினார்கள். துணைத் தலைவர் பதவிக்குக் காத்திருந்த ஹம்ப்ரியைச் சமரசம் பேச அனுப்பினார்கள். ஆதரவு கரைந்தது.

கடைசியில் வந்தது ஒரு சமரசம். மிசிசிப்பி வெள்ளையருக்கே இடம். கட்சிக்கு விசுவாசம் காட்டுவதாக அவர்கள் உறுதி கூறினால் போதும். சுதந்திரக் கட்சிக்கு இரண்டே இரண்டு இடம். அந்த இருவர் யார் என்பதையும் மேலிடமே முடிவு செய்யும்! மற்றவர்கள் விருந்தாளிகள். 1968 மாநாட்டிலிருந்து இன வேற்றுமை காட்டும் குழுவுக்கு இடமில்லை என்று ஒரு வாக்குறுதி.

பெரிய தலைவர்கள் வந்து, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னார்கள். அரசியலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அதிலே நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் ஹாமரின் கணக்கு வேறு. களைத்தவர் இருவரல்ல, எல்லோரும் களைத்திருக்கிறோம். இரண்டு நாற்காலிக்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்றார். கட்சி ஏற்கவில்லை.

வேடிக்கையைப் பாருங்கள்! உறுதிமொழியில் கையெழுத்திட மறுத்து, விரல் விட்டு எண்ணத்தக்க சிலரைத் தவிர மிசிசிப்பி வெள்ளைப் பிரதிநிதிகள் எழுந்து போய்விட்டார்கள். காலியான இடங்களிலே, நண்பர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்தார்கள் ஹாமரும் தோழர்களும். மறுநாள் வந்தால் நாற்காலிகளையே அகற்றியிருந்தார்கள். நின்றார்கள், நின்றபடியே பாடினார்கள். யாரைத் தாஜா செய்ய இவ்வளவும் நடந்ததோ, அந்த மிசிசிப்பி நவம்பரில் என்ன செய்தது? நூற்றுக்கு 87 வாக்கை எதிர்க்கட்சி கோல்ட்வாட்டருக்குப் போட்டது!

தோல்வியா அது? அன்றைக்குத் தோல்விதான். ஆனால் அந்தத் தோல்வி பெற்ற பிள்ளைகளை எண்ணிப் பார்ப்போம். 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1967க்குள் மிசிசிப்பிக் கறுப்பரில் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபது பேர் பட்டியலில் ஏறினார்கள். 1968இல் சிகாகோ மாநாட்டில் பழைய வெள்ளைக் குழுவை வெளியே நிறுத்தி, கறுப்பரும் வெள்ளையரும் கலந்த குழுவை உட்கார வைத்தார்கள். அதிலே ஒரு பிரதிநிதி ஃபானி லூ ஹாமர். அவர் வந்து இடத்தில் அமர்ந்தபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

அதே மாநாடு இன்னொரு பாடமும் தந்தது. ஒரு முன்தேர்தலில்கூடப் போட்டியிடாத ஹம்ப்ரி வேட்பாளரானார். முன்தேர்தல்களில் மக்கள் சொன்னது ஒன்று, மாநிலத் தலைவர்கள் பொறுக்கிய பிரதிநிதிகள் செய்தது வேறொன்று. வெளியே தெருவில் இளைஞர்களின் மண்டை உடைந்தது. அந்தக் கலவரத்துக்குப் பின் மக்கவர்ன், ஃபிரேசர் தலைமையில் குழு அமைத்து விதிகளைத் திருத்தினார்கள். பிரதிநிதிகளைப் பொறுக்கும் கூட்டம் எங்கே, எப்போது என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். விதிகளை எழுத்தில் வைக்க வேண்டும். கறுப்பருக்கும் பெண்களுக்கும் இளைஞருக்கும் உரிய இடம் தர வேண்டும் என்றார்கள். இந்த வேலை வேண்டாம் என்று பல மாநிலங்கள் முன்தேர்தலுக்கே மாறின. இன்று பெரும்பாலான மாநிலங்களில் முன்தேர்தல்தான். ருல்வில்லில் பூட்டிய கதவைத் தட்டிய ஓசையும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

இருந்தும், விதி ஒருநாள் எழுதி முடிக்கும் விஷயமல்ல. 1982இல் கட்சிப் பெரியவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். அது தகராறாகி, 2018இல் போட்டியுள்ள முதற்சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை என்று திருத்தினார்கள். 2024இல் பைடன் விலகிய பின், அவ்வாண்டு முன்தேர்தலில் நிற்காத கமலா ஹாரிசைப் பிரதிநிதிகளே வேட்பாளராக்கினார்கள். இன்றைக்கும் கடைசிச் சொல் பிரதிநிதி கையில்தான்.

ஹாமர் பதவி தேடி அலையவில்லை. காங்கிரசுக்கு நின்றார், வெல்லவில்லை. ஊர் திரும்பினார். 1960களின் கடைசியில் நாற்பது ஏக்கரில் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். ஏழைக் குடும்பத்துக்குப் பெண் பன்றி கொடுப்பார். அது குட்டி போட்டதும் சிலவற்றைத் திருப்பித் தரவேண்டும், அது அடுத்த குடும்பத்துக்குப் போகும். வாக்கு மட்டும் போதாது, வயிறும் நிறைய வேண்டும் என்று தெரிந்தவர் அவர். 1977 மார்ச் 14ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் வயதில், நோயிலும் வறுமையிலும் கண் மூடினார். நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதை 2025 ஜனவரியில் அவர் பெயருக்கு அளித்தார்கள்.

கொடி கட்டுவோர், சுவரொட்டி ஒட்டுவோர், இரவு முழுதும் கண் விழித்து மாநாட்டுப் பந்தல் போடுவோர் படிக்க வேண்டிய வாழ்க்கை இது. கிளைக் கூட்டம் சின்ன விஷயம் என்று நாம் எண்ணக் கூடாது. அங்கே பேர் எழுதும் நோட்டுப் புத்தகமும், கதவு திறக்கும் நேரமும், கை தூக்கும் உரிமையும்தான் நாளைக்கு யார் ஆளப் போகிறார் என்பதை எழுதுகின்றன. ஆறாம் வகுப்புப் படித்த பருத்திக்காரி அதைப் புரிந்து கொண்டார். அவர் கேட்டது சலுகை அல்ல. தமக்குரிய நாற்காலி, தம் மக்கள் தேர்ந்தெடுத்தபடி, முழுமையாக. அதற்கு நான்காண்டு நின்றபடியே காத்திருந்தார், உட்கார்ந்தும் காட்டினார்!