பச்சை நிறத்தின் காரணம்

மருத்துவராவதற்கு முன்பே வேதியியலராகிவிட்டவர் அஸ்பியோர்ன் ஃபோலிங். 1888ஆம் ஆண்டு நார்வே நாட்டின் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்த அவர், முதலில் டிரொண்ட்ஹைம் நகரில் வேதியியல் பயின்றார். பின்னர்த் தலைநகர் ஆஸ்லோவுக்குச் சென்று மருத்துவப் படிப்பையும் முடித்தார். இரு துறைகளையும் கற்பதற்குச் செலவிட்ட ஆண்டுகள் வீண் என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால், அவ்விரு கல்வியும் ஒருவரிடமே இருந்ததால்தான் 1934ஆம் ஆண்டில் ஒரு தாயின் கேள்விக்கு விடை கிடைத்தது.

அத்தாய்க்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு 6 வயது. மகனுக்கு 4 வயது. பிறந்தபோது இருவரிடமும் எந்தக் குறையும் தென்படவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அவர்களின் அறிவு வளர்ச்சி பின்தங்கியது. மகள் சில சொற்களை மட்டுமே பேசினாள். மகனால் நடக்கவோ பேசவோ இயலவில்லை. குழந்தைகளின் சிறுநீரிலிருந்து ஒரு விநோத வாடையும் வீசியது. தாய் பல மருத்துவர்களை நாடினார். அவர்கள் கைவிரித்தனர். ஆயினும், அந்த வாடைக்கும் குழந்தைகளின் நிலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை.

ஃபோலிங் அவர் கூறியதைப் பொறுமையாகக் கேட்டார். நம்பிக்கை தரும் சொல் எதையும் அவரால் கூற முடியவில்லை. எனினும், சிறுநீரைச் சோதிக்க இசைந்தார். அக்காலத்தில் நீரிழிவு நோயாளிகளின் சிறுநீரில் சில துளி ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்ப்பது வழக்கம். கீட்டோன் பொருள்கள் மிகுந்திருந்தால் அது செந்நிறமாக மாறும். அக்குழந்தைகளின் சிறுநீரோ கரும்பச்சையாக மாறியது. அத்தகைய நிறத்தை ஃபோலிங் அதற்கு முன் கண்டதில்லை.

மருந்து ஏதேனும் அந்நிறத்தைத் தந்திருக்குமோ என்று அவர் ஐயுற்றார். ஆகவே, எல்லா மருந்துகளையும் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார். மீண்டும் சோதித்தார். மீண்டும் அதே பச்சை.

அப்பொருள் என்ன என்று கண்டறியும் வேலை இரண்டு மாதங்கள் நீடித்தது. தாய் தொடர்ந்து சிறுநீரைக் கொண்டுவந்து கொடுத்தார். மொத்தம் 20 லிட்டருக்கும் மேல். காற்றுப்பட்டால் அப்பொருள் சிதைந்துவிடும் என்பதால் ஃபோலிங் மிகக் கவனமாக அதைப் பிரித்தெடுத்தார். கிடைத்த படிகங்கள் பினைல்பைருவிக் அமிலம் என்று கணித்தார். உறுதி செய்ய ஓர் எளிய வழியைக் கையாண்டார். ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் தூய பினைல்பைருவிக் அமிலத்தைத் தம் படிகங்களுடன் கலந்து உருக்கினார். இரண்டும் வெவ்வேறு பொருள்களாக இருந்தால் கலவை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். அவ்வாறு நிகழவில்லை. இரண்டும் ஒன்றே.

அடுத்து, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான இல்லங்களில் இருந்த 430 பேரின் சிறுநீரைச் சோதித்தார். மேலும் எட்டுப் பேரிடம் அதே பச்சை நிறம் தோன்றியது. அவர்களுள் உடன்பிறந்தோரும் இருந்தனர். எனவே, இது பரம்பரையாக வரும் நோய் என்று உணர்ந்தார். அவ்வாண்டிலேயே தம் கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

நாம் உண்ணும் இறைச்சி, பால், பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதம் உடலில் அமினோ அமிலங்களாகச் சிதைகிறது. அவற்றுள் ஒன்று பினைல்அலனின். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை வேறோர் அமினோ அமிலமாக மாற்றுகிறது. இந்நோய் உடையவர்களிடம் அந்நொதி செயல்படுவதில்லை. பினைல்அலனின் இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைக் கெடுக்கிறது. குறை இருப்பது கல்லீரலில், துன்பப்படுவதோ மூளை. அதுவரை மூளை வளர்ச்சிக் குறைபாட்டிற்கு உடலின் வேதியியலில் காரணம் தேடியவர்கள் மிகச் சிலரே. இந்நோய் பின்னர்ப் பினைல்கீட்டோனூரியா எனப் பெயர் பெற்றது.

காரணம் தெரிந்தது, சிகிச்சை இல்லை. அத்தாயின் மகன் 6 வயதில் இறந்தான்.

சிகிச்சை 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலிருந்து வந்தது. அங்கும் ஒரு தாய்தான் காரணம். தம் மகளுக்கு ஏதாவது செய்யுமாறு கேட்டு, அவர் நாள்தோறும் ஆய்வுக்கூட வாசலில் காத்து நின்றார். ஹார்ஸ்ட் பிக்கல் என்னும் மருத்துவர் தம் குழுவினருடன் பால் புரதத்தைச் சிதைத்து, கரியின் வழியாக வடிகட்டிப் பினைல்அலனினை நீக்கினார். அந்த உணவை உண்ட குழந்தை சில மாதங்களில் தவழ்ந்தாள்; எழுந்து நின்றாள். பின்பு, தாய்க்குத் தெரிவிக்காமலேயே உணவில் பினைல்அலனினைச் சேர்த்துப் பார்த்தனர். குழந்தையின் நிலை விரைவில் மோசமானது. உணவுதான் பலன் தந்தது என்பதற்கு அது சான்றாயிற்று. இன்று இப்படிச் சோதிப்பதை எவரும் ஏற்கமாட்டார்.

மூளை கெட்ட பிறகு உணவுமுறையால் முழுமையாக மீட்க இயலாது. பிறந்தவுடனேயே நோயைக் கண்டறிய வேண்டும். 1960களில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி, வடிதாளில் உலர்ந்த ஒரு துளி இரத்தமே போதும் என்று காட்டினார்.

ஃபோலிங்குக்கு நோபல் பரிசு கிட்டவில்லை. அவர் விளம்பரத்தை விரும்பாதவர். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் கையால் ஒரு விருது பெற்றார். 1973ஆம் ஆண்டு காலமானார். பல நாடுகளில் இன்று, பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்திச் சில துளி இரத்தம் எடுக்கின்றனர். நோய் உள்ள குழந்தைக்கு உடனே சிறப்பு உணவு தொடங்குகிறது. அக்குழந்தைகள் மற்றவர்களைப் போலவே பள்ளிக்குச் செல்கின்றனர். நார்வே மக்கள் இந்நோயை ஃபோலிங் நோய் என்றே அழைக்கின்றனர்.